ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளைப் பற்றி எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? அவர்கள் நம் வழி வந்தவர்கள்தானாமே?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கை அரித்துக்கொண்டே இருக்கும். இல்லை. அவர்கள் தமிழர் வழி வந்தவர்கள் இல்லை.

நீங்கள் ஆஸ்திரேலியாவுக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும், குடியுரிமைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அலுவலகக் கூட்டம் தொடங்கும் முன் இந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு மரியாதை சொல்வார்களே, அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். நானும் பல வருடங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். நான் மானிடவியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதும் வேலை. "உனக்கு என்ன தகுதி" என்று கேட்க வருகிறவர்களுக்கு: எந்தத் தகுதியும் இல்லை, மெல்பர்ன் ரயிலில் படிக்க நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

படிக்க வைத்தது 2023 அக்டோபர் வாக்கெடுப்பு. பூர்வகுடிகளுக்கென்று நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் ஒரு குழுவை அரசியலமைப்பில் சேர்க்கலாமா என்பது கேள்வி. இங்கே ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். நண்பர் வீட்டுச் சாப்பாட்டில் இந்தப் பேச்சு வந்ததும், "நமக்கென்ன, நாம நேத்து வந்தவங்க" என்றார் ஒருவர். நேற்று வந்தவனுக்கும் ஓட்டு இருக்கிறதே? ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நான் எப்படிப் போட்டேன் என்று இங்கே எழுதப் போவதில்லை, பின்னூட்டம் தாங்காது.

மானிடவியலாளர் டபிள்யூ. ஈ. எச். ஸ்டானர் 1968-ல் வானொலியில் ஆற்றிய உரைகளில் தொடங்கினேன். சின்ன நூல். ஆஸ்திரேலிய வரலாறு எழுதியவர்கள் பூர்வகுடிகளை வெறும் ஞாபக மறதியால் விட்டுவிடவில்லை, நிலத்தின் ஒரு பகுதியே கண்ணில் படாதபடி பார்த்து வைத்த ஜன்னல் அது என்கிறார். அடுத்து வரலாற்றாசிரியர் ஹென்றி ரெனால்ட்ஸ் 1981-ல் எழுதியது. குடியேறிகளின் கடிதங்களையும் செய்தித்தாள்களையும் வைத்துக்கொண்டே, மறுகரையில் நின்றவர்களுக்கு இந்த வருகை எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்ட புத்தகம். குடியேறிகள் பூர்வகுடிகளைக் கொன்ற கணக்குகளை வரலாற்றாசிரியர்கள் ஊதிப் பெருக்கிவிட்டார்கள் என்று 2002-ல் கீத் விண்ட்ஷட்டில் ஒரு பெரிய நூலே போட்டார், வருடக்கணக்கில் சண்டை நடந்தது. அதையும் புரட்டினேன். ஒரு பக்கத்தை மட்டும் படித்தவன் என்று யாரும் சொல்லக் கூடாது பாருங்கள்.

மயால் கிரீக் பற்றிப் படித்த பிறகு அங்கே போகாமல் இருக்க முடியவில்லை. நியூ சவுத் வேல்ஸின் வடக்கே, பிங்கரா ஊருக்குப் பக்கம். 1838 ஜூன் 10 அன்று அங்கே குறைந்தது 28 பூர்வகுடிகளைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பதினோரு பேர் மேல் வழக்கு நடந்தது, முதல் விசாரணையில் எல்லோரும் விடுதலை. மறுபடி வழக்குப் போட்டு ஏழு பேரைத் தூக்கிலிட்டார்கள். இது நடந்தது என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. எத்தனையோ படுகொலைகளுக்கு அந்தக் காகிதமும் இல்லை. 2000-ல் திறந்த நினைவிடத்தில் ஒவ்வொரு ஜூனிலும் கூடுகிறார்கள், கொன்றவர்களின் வம்சத்தாரும் வருகிறார்கள்.

இதையெல்லாம் இங்குள்ள தமிழ்ச் சங்கத்தில் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். இருபது நிமிடம் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. எனக்கு முன்னால் பேசிய வீட்டுக்கடன்காரர் வட்டி விகிதத்தை விளக்கி முடிப்பதற்குள் என் நேரம் ஐந்து நிமிடமாகிவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். இங்கே எந்தத் தமிழ் விழாவிலும் விளம்பரதாரர் பேச்சுக்குக் கடிகாரம் கிடையாது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து வந்த திருக்குறளைக்கூடப் பாதியில் நிறுத்தி மைக்கைப் பிடுங்குகிறார்கள். கேட்டால் "அவர்தான் மண்டபச் செலவு" என்கிறார்கள்.

அந்த ஐந்து நிமிடம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, பூமராங்கும் நம்ம வளரியும் ஒண்ணுதானே, அதைச் சொல்லாம விட்டுட்டீங்களே?" அரங்கமே கை தட்டியது. மயால் கிரீக்குக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சரி, அவருக்கு அங்கே சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே சொல்கிறேன். வளைந்த எறிதடி எகிப்தில் துட்டன்காமன் கல்லறையிலும் கிடைத்தது. திராவிட மொழிகளுக்கும் அவர்கள் மொழிகளுக்கும் ஒற்றுமை இருப்பதாக 19ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் கவனித்தது உண்மை, ஆனால் இன்றைய மொழியியல் அதை உறவாக ஏற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இருந்ததே 250-க்கு மேற்பட்ட மொழிகள், இதில் எது தமிழின் தங்கை? சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து கலப்பு நடந்தது என்று 2013-ல் ஒரு மரபணு ஆய்வு வந்தது, வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. தந்தைவழி மட்டும் வரும் ஒய் குரோமோசோமை வைத்து 2016-ல் வந்த ஆய்வு அதற்கு ஆதாரம் இல்லை என்றும், இரு தரப்பும் பிரிந்தே ஏறத்தாழ 50,000 ஆண்டு ஆகிறது என்றும் காட்டியது. இரண்டாவது செய்தியை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. என்னைத் தமிழ்த் துரோகி என்று எழுத வேண்டாம், வளரி மேல் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அடுத்தவன் வீட்டு ஆல்பத்தைக் கையில் கொடுத்தால் அதிலும் நம் முகத்தைத் தேடுகிறோமே, அதுதான் எரிச்சல்.

அந்தத் தேடலிலிருந்து வெளியே வர இரண்டு புத்தகங்களை அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன். புரூஸ் பாஸ்கோவின் "டார்க் ஈமு" 2014-ல் வந்தது. அவர்கள் விதைத்தார்கள், சேமித்தார்கள், வீடு கட்டினார்கள், வெறும் வேட்டைக்காரர்கள் இல்லை என்று ஆரம்பகாலப் பயணிகளின் குறிப்புகளை வைத்து வாதாடுகிறது. நன்றாக விற்றது. 2021-ல் பீட்டர் சட்டன், கெரின் வால்ஷ் இருவரும் எழுதிய மறுப்பு ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறுகிறது. அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறது: உழவன் என்று நிரூபித்தால்தான் மரியாதை என்றால், வேட்டையாடி உணவு சேகரித்து, சடங்கினாலும் சட்டத்தினாலும் நிலத்தைக் காத்தவன் எந்த விதத்தில் தாழ்ந்தவன்? ஏர், எழுத்து, நகரம் இவற்றை வைத்தே பெருமையை அளக்கும் நமக்கு இந்தக் கேள்வி நன்றாகக் குத்தும்.

சண்டை தீர்ந்ததா என்றால் இல்லை. விக்டோரியாவின் தென்மேற்கில் புட்ஜ் பிம் இருக்கிறது, 2019-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. எரிமலைப் பாறையில் கால்வாயும் அணையும் அமைத்து விலாங்கு மீனைத் திருப்பித் தேக்கிப் பிடித்திருக்கிறார்கள் குண்டிச்மாரா மக்கள், குறைந்தது 6,600 ஆண்டுகளாக. அங்கே நின்று இது விவசாயமா வேட்டையா என்று என் மனைவியிடம் விவாதித்தேன். "மீன் கிடைச்சுதுல்ல, விடுங்க" என்றாள்.

அப்புறம், பூர்வகுடி எழுத்தாளர்களைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள். வான்யி இனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் ரைட் எழுதிய "டிராக்கர்" (2017) எனக்குப் பிடித்தது. குழந்தையிலேயே குடும்பத்திடமிருந்து பிரிக்கப்பட்டு குரோக்கர் தீவில் கிறிஸ்தவ மிஷனில் வளர்ந்த பூர்வகுடித் தலைவர் டிராக்கர் டில்மவுத்தின் வாழ்க்கை. நூலாசிரியர் தாமே கதை சொல்லாமல், அவரும் அவரைத் தெரிந்தவர்களும் பேசியதை அப்படியே அடுக்கியிருக்கிறார். ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துச் சொல்ல உரிமை வேண்டும் என்ற அவர்களுடைய முறை புத்தகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சில விஷயங்கள் வெளியாருக்குச் சொல்லப்படவே மாட்டா, அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல தடிமன், நூலகத்தில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். முதல் ஐம்பது பக்கத்தில் யார் யார் என்று புரியாமல் தலை சுற்றும், நிறுத்தாமல் படியுங்கள்.