கேஸ் மாத்திரையும் சினைப்பையும்

கேள்வி: அக்காவுக்கு வயது 52. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும். மாதக்கணக்கில் கேஸ் மாத்திரைதான் கொடுத்தார்கள். இப்போது சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை என்கிறார்கள். பாப் ஸ்மியர் நன்றாகத்தானே இருந்தது? நாங்கள் அசட்டையாக இருந்துவிட்டோமா?

பதில்: இல்லை. பாப் ஸ்மியர் கருப்பை வாய்க்கான சோதனை. சினைப்பை அதில் தெரியாது. அறிகுறி இல்லாதவர்களிடம் இந்த நோயை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான சோதனை எந்த நாட்டிலும் இல்லை. 2022-இல் உலகில் சுமார் 3.24 லட்சம் பெண்களுக்கு இது வந்தது, 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பணக்கார நாடுகளிலும் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரிகிறது.

ஏழை நாடுகளில் அப்புறம்தான் பெரிய சிக்கலே. இந்த நோய்க்கு ஊசியாக ஏற்றும் கீமோ மருந்துகளான கார்போபிளாட்டின், பாக்ளிடாக்ஸல் இரண்டும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. பட்டியலில் இருந்து என்ன செய்ய, மருந்தகத்தில் இருக்க வேண்டுமே! பணம் தீர்ந்து பாதியில் ஊசியை நிறுத்திய பெண்களைப் பார்த்திருக்கிறேன். கணவருக்கும் மகனுக்கும் எல்லாம் தெரியும், நோயாளிக்கு மட்டும் நோயின் பெயர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

அக்காவையே டாக்டரிடம் பேச விடுங்கள். முதலில் அறுவை சிகிச்சையா, கீமோவா? கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் எடுக்க முடியுமா? பெண்களுக்கான புற்றுநோய் அறுவை நிபுணர் செய்வாரா? பரம்பரையாக வரும் புற்றுநோய் அபாயத்தைக் காட்டும் பிஆர்சிஏ மரபணுச் சோதனை பற்றியும் கேட்கட்டும். அதில் மாற்றம் தெரிந்தால் நீங்களும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.