கடந்தைக்கு மருந்து அப்புறம், முதலில் மனைவியைக் கவனியுங்கள்

ஆனேக்கல் பக்கம் ஒரு ஏக்கரில் கொய்யா வைத்திருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "ஐயா, வரப்போரத் தென்னையில் குடம் அளவுக்குக் கடந்தை என்ற பெரிய குளவியின் கூடு. போன வாரம் காய் பறிக்கப் போன மனைவியை மூன்று இடத்தில் கொட்டிவிட்டது. உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, மறுநாள்தான் சரியானாள். கடைக்காரர் டைகுளோர்வாஸ் என்ற பூச்சிமருந்து கொடுத்திருக்கிறார். எவ்வளவு கலந்து அடிக்கலாம்?"

தம்பி, அந்த பாட்டிலைத் திறக்கவே வேண்டாம். நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் என்னைப் பயமுறுத்துகிறது. கொட்டின இடம் மட்டும் வீங்கினால் அது கடுப்போடு போகும். கொட்டாத இடமெல்லாம் தடித்து வாந்தியும் வந்தால் அது ஒவ்வாமை. இன்னொரு தடவை கொட்டினால் மூச்சு அடைத்து, ரத்த அழுத்தம் இறங்கி, அரை மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போய்விடலாம். அப்போது சுண்ணாம்பு தடவிக்கொண்டு நிற்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அதற்கு முதல் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். ஒவ்வாமையே இல்லாதவரையும் ஐம்பது நூறு கொட்டினால் சிறுநீரகம் கெட்டுவிடலாம். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-லிருந்து நாட்டிலேயே தடை. பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடைக்காரருக்கு உங்கள் மனைவி மேலும் அக்கறை இல்லை, அந்தக் கொய்யாவைத் தின்னப்போகிறவர்கள் மேலும் இல்லை. கீழே நின்று தென்னை உச்சிக்கு அடித்தால் மருந்து உங்கள் முகத்தில் விழும், கூடு கலைந்து மொத்தமும் கீழே இறங்கும். தேனீ ஒரு தடவை கொட்டினால் கொடுக்கை விட்டுவிடும், கடந்தை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். பந்தம் கொளுத்தி ஏறுவதும் வேண்டாம். கூடு எடுத்துப் பழகியவர்கள் முழு உடுப்போடு வந்து எடுக்கட்டும், ஆள் தெரியாவிட்டால் தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, கடந்தை ஏன் கொய்யாவுக்குள் வருகிறது என்பது. மரத்தடியில் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். வெடித்துப் புளித்த பழத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, வால் பக்கம் மட்டும் வெளியே ஏறி இறங்கும். பழம் என்று நினைத்துக் கை வைப்பவரைத்தான் கொட்டுகிறது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்குங்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்! கூலி ஆகிறது என்கிறீர்கள், அதே பழத்தில்தான் பழ ஈயின் புழுவும் வளர்ந்து மண்ணில் இறங்கி, ஈயாகி, அடுத்த காயைக் குத்துகிறது. விடியற்காலையில், கையுறை போட்டு, இடுக்கியால் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள். மரத்திலேயே பழுக்க விடாமல் செங்காயிலேயே பறித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும், கோபத்தில் இலை மறைவில் தாமரைக் காய் மாதிரி தொங்கும் சின்னக் குளவிக் கூடுகளையெல்லாம் கலைத்துவிடாதீர்கள். இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல ஆண்டுகள் ஆராய்ந்தது இந்த வகையைத்தான். அவை புழுக்களைப் பிடித்துத் தம் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன. ஆள் நடக்கும் வழியில் இருந்தால் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

கூடு போகும்வரை மனைவி தோட்டத்துக்கு வர வேண்டாம். இந்த வாரமே பெங்களூரில் ஒவ்வாமை மருத்துவரிடம் அழைத்துப் போய், கொட்டி எத்தனை நிமிடத்தில் தடித்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.