அளவி பழுதா, அளந்த முறை பிழையா?

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் மகன் ஓய்வு நேரத்தில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறான். அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்றை இணையவழியில் வாங்கினேன். தண்ணீரில் மிதக்கவிட்டால் 1.000 காட்ட வேண்டிய கருவி 0.997 காட்டுகிறது. விற்பனையாளர் மாற்றித்தர மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்திற்குப் போகலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: போவதற்கு முன் அந்தத் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து பாருங்கள். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸில் சரியாகக் காட்டும்படி செய்யப்படுகின்றன. கண்ணாடித் தண்டுக்குள் இருக்கும் தாளிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும். ஓசூர் குளிர்ந்த ஊர்தான் என்றாலும், சித்திரை மாதத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் 30 டிகிரியை எளிதாக எட்டிவிடும். அந்த வெப்பத்தில் தண்ணீரின் அடர்த்தி சற்றுக் குறைவதால், பழுதில்லாத கருவியும் 0.997 அல்லது 0.998 என்றுதான் காட்டும். ஆகவே உங்கள் கருவி சரியானதாகவே இருக்கக்கூடும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் அளவைச் சிறிது கூட்டிக் காட்டும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, வெப்பமானியில் 20 டிகிரி வரும்போது சோதியுங்கள். கருவியை விரலால் ஒருமுறை சுழற்றிவிட்டால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழ்கள் விலகிவிடும். தண்டை ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பை விட்டுவிட்டு, நீரின் சமமட்டத்தில் அளவைப் படிக்க வேண்டும். அடுத்து 90 கிராம் நீரில் 10 கிராம் சர்க்கரையைக் கரைத்துப் பாருங்கள்; ஏறத்தாழ 1.040 காட்ட வேண்டும்.

இரண்டு சோதனையிலும் ஒரே அளவு பிசகினால், உள்ளே இருக்கும் அளவுத்தாள் நழுவியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிசகைக் கழித்துக்கொண்டு பயன்படுத்தலாம் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். கணக்கு சரிதான், ஆனால் காசு கொடுத்தவர் அதை ஏற்கத் தேவையில்லை. வெப்பமானியும் கருவியும் ஒருங்கே தெரியும்படி காணொளி எடுத்து, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் ஆணையம் இருக்கவே இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமும் இல்லை.

கேள்வி: மாங்கூழ் தொழிற்சாலையில் ஒளி வளைவதைக் கொண்டு பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி, ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் செய்யும் தம்பிக்குக் கொடுத்தேன். தொடக்கத்தில் 11 பிரிக்ஸ் இருந்தது இரண்டு வாரத்தில் 6க்கு வந்து நின்றுவிட்டதாம். வாயுவை மட்டும் வெளியேவிடும் அடைப்பான ஏர்லாக்கிலும் குமிழ் வரவில்லை. கருவி கோளாறா, ஈஸ்ட் கோளாறா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: இரண்டுமே இல்லை என்றுதான் தோன்றுகிறது. மாங்கூழில் சாராயம் கிடையாது; நொதித்த பீரில் உண்டு. சாராயம் தண்ணீரைவிட அதிகமாக ஒளியை வளைப்பதால், அதையும் சர்க்கரை என்றே எண்ணிக் கருவி கூட்டிக் காட்டுகிறது. அட்டவணையை நேராகப் பார்த்தால் 6 பிரிக்ஸ் என்பது ஹைட்ரோமீட்டர் அளவில் 1.024, சாராயத்துக்கான திருத்தக் கணக்குப் போட்டால் அதே பீர் ஏறத்தாழ 1.011தான், அதாவது நொதித்தல் முடிந்துவிட்ட நிலை. தொடக்க அளவுக்கு இந்தக் கருவி போதும், இறுதி அளவுக்கு ஹைட்ரோமீட்டரே வேண்டும் என்பது என் கருத்து.

குமிழை நம்ப வேண்டாம். மூடி சரியாக இறுகாவிட்டால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும், ஏர்லாக் அசையாது. ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள்கள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்கச் சொல்லுங்கள். சர்க்கரை மீதமிருக்கும்போது அடைத்தால் உள்ளழுத்தம் ஏறிப் பாட்டில் வெடிக்கும். அதற்குப் பாட்டில் விற்றவர் பொறுப்பாக மாட்டார்.

கேள்வி: வீட்டில் பீர் தயாரிக்கும் தொகுப்பு ஒன்றை, 'இந்தியா முழுவதும் சட்டப்படி அனுமதி உண்டு' என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கட்டிப் பதிவு செய்தேன். பொருள் இன்னும் வரவில்லை.
– தருமபுரி வாசகர்

பதில்: உடனே ரத்து செய்யுங்கள். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். அந்த நோக்கத்துடன் கருவிகளையும் மூலப்பொருள்களையும் வைத்திருப்பதும் குற்றமே. சொந்தக் குடிப்புக்குத்தான் என்ற சமாதானம் இங்கே செல்லாது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூருவில் மதுக்கூடங்களே பீர் காய்ச்சுகின்றனவே என்று கேட்பவர்களுக்கு, அவை கர்நாடக அரசின் உரிமம் பெற்றவை என்பதே விடை.

அந்த விளம்பர வரி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 கூறும் தவறான விளம்பரத்தில் அடங்கும். விளம்பரப் பக்கத்தை நீக்குவதற்குள் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித்தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.