சீசன் நாட்களில் ஓய்வுநாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே மூன்று அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்துகிறோம். வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் தேயிலையும் இருக்கிறது. வழக்கமாகச் சனி, ஞாயிறுகளில்தான் விருந்தினர் வருவார்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு நாள்கூட அறை காலியாக இருக்காது. நான் ஞாயிறு ஆராதனைக்குப் போய் வாரக்கணக்காகிறது. எஸ்டேட்டில் வேலை பார்த்த என் மாமியார், "எங்கள் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கூடையைத் தொட மாட்டோம்" என்கிறார். என் கணவரோ, "சீசனில் சம்பாதிக்காவிட்டால் ஜூலை மழையில் என்ன செய்வது?" என்று கேட்கிறார். ஓய்வுநாள் கட்டளையை நான் மீறிக்கொண்டிருக்கிறேனா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கணவருடைய கேள்வி மிகப் பழையது. நிலத்தை நம்பி வாழ்ந்த இஸ்ரவேலரும் அதைக் கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை மறுபடியும் வரும்போது, விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று தனியாகச் சேர்த்துச் சொல்லப்படுகிறது. வேலை இல்லாத மாதத்தில் ஓய்வெடுக்க யாருக்கும் கட்டளை தேவையில்லை. வருமானம் கைக்கு வரும் வாரத்தில் ஒரு நாளை விட்டுக்கொடுப்பதுதான் கடினம். வனாந்தரத்தில் தேவன் தினமும் கொடுத்த மன்னா என்னும் உணவு ஆறாம் நாளில் இரண்டு மடங்கு கிடைத்தும், ஏழாம் நாளில் சிலர் சேர்க்கப் போய் ஒன்றும் காணாமல் திரும்பினார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எகிப்தில் தினமும் செங்கல் கணக்கு ஒப்படைத்தே வாழ்ந்த அடிமைகளுக்கு, ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் மறுநாள் சாப்பாடு உண்டா என்ற பயம் எளிதில் விட்டுப்போகாது. சீசனை நம்பி வாழும் நம் மலைக் குடும்பங்களிலும் அதே பயத்தைத்தான் காண்கிறேன். அதை மறைக்காமல் நீங்கள் இருவரும் சேர்ந்து ஜெபத்தில் வையுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த ஞாயிறு தொழிலாளர்களின் பக்தியால் மட்டும் கிடைத்துவிடவில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு என்பதற்கு வழி செய்தது. தொழிலாளியே விரும்பி ஓய்வுநாளில் வேலைக்கு வந்தாலும், இடையில் ஒரு முழு நாள் விடுமுறை இல்லாமல் தொடர்ந்து 10 நாட்களுக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற வரம்பும் அதில் இருந்தது. அதற்கும் வெகு காலம் முன்பே, 1890இல், நாராயண் மேகாஜி லோகண்டேயின் தலைமையில் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் போராடி ஞாயிறு விடுமுறையைப் பெற்றார்கள். அவர் கிறிஸ்தவர் அல்லர். சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் வழியில் நின்றவர். நாம் இளைப்பாறுகிற ஞாயிறுக்காக இப்படிப்பட்டவர்களுக்கும் தேவனிடத்தில் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இன்று உங்கள் வீட்டில் முதலாளியும் தொழிலாளியும் நீங்களே என்பதால், அந்த வரம்பை உங்களுக்கு வேறு யாரும் வகுத்துத் தர மாட்டார்கள்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிக் கேட்கிறேன். மூன்று அறைகளையும் கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்புகளைத் துவைப்பவர் யார்? நீங்களே என்றால் பதில் உங்களுக்குரியது. வேறொரு பெண் என்றால், வாரத்தில் ஒரு நாள் அவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை உண்டா? உபாகமம் 5ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் இதுதான்: நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. ஓய்வு கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே அந்தக் கட்டளை முதலில் பேசுகிறது. ஓய்வெடுக்க விரும்பியும் விடப்படாதவர்மேல் அது குற்றம் சுமத்துவதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

நம் மலைகளில் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், சமவெளியின் வெயிலும் நோயும் தங்கள் குடும்பங்களை வாட்டியதால், கோடைக்கானலில் வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய தேவை உண்மையானது. ஆனால் சாலை வருவதற்கு முன்பு அந்த மலைக்குப் பலரை நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு ஏறியவர்களும் இருந்தார்கள். பிறர் இளைப்பாற வரும் ஊரில் வாழும் நாம், அந்த இளைப்பாறுதலுக்காக உழைப்பவர்களைக் கணக்கில் எடுக்காமல் ஓய்வுநாளைப் பற்றிப் பேச முடியாது.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தினருக்குக் காப்பி கொடுத்ததால் நீங்கள் பாவம் செய்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று ஆண்டவரே சொன்னார். ஓய்வுநாளில் துரவில் விழுந்த மாட்டை யார்தான் தூக்கிவிட மாட்டீர்கள் என்றும் கேட்டார். ஞாயிறு ஓய்வை 321இல் சட்டமாக்கிய பேரரசன் கான்ஸ்டன்டைனும், பருவம் தவறிவிடும் என்பதற்காக விவசாயிகளுக்கு விலக்கு அளித்தான். ஆனால் ஏழு நாளும் நிறுத்தாமல், மாதக்கணக்காக நீங்களும் உங்களிடம் வேலை செய்பவரும் உழைப்பது கட்டளைக்கு மாறானதுதான். அதை மென்மையாக்கிச் சொன்னால் உங்களுக்கு நன்மை செய்தவனாக மாட்டேன்.

ஆகவே வாரத்தில் ஒரு நாளை, செவ்வாய் அல்லது புதன் என்று, நிலையாக வைத்து அன்று அறைகளுக்கு முன்பதிவு வாங்காதீர்கள். வார நாட்களில் கூட்டம் குறைவு என்பது உங்களுக்கே தெரியும்; 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்குள் வர இ-பாஸ் வழங்க உயர் நீதிமன்றம் விதித்த வரம்பே வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்றுதான் இருந்தது. இழப்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அந்த நாளில் கொழுந்து பறிப்பும் வேண்டாம், பறிப்பு முறையை அதற்கேற்ப முன்பின்னாக மாற்றிக்கொள்ளலாம். சமையலையும் முந்தின நாளே முடித்துவிடுங்கள். மன்னாவைச் சுட வேண்டியதைச் சுட்டு, வேகவைக்க வேண்டியதை வேகவைத்து வைக்கும்படி மோசே சொன்னது ஆறாம் நாளில். ஓய்வுநாள் என்ற பெயரில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, ஒரு பெண் மட்டும் காலை முதல் மசாலா அரைத்துக் கறி வைத்துக்கொண்டிருந்தால் அந்த வீட்டில் ஓய்வுநாள் வரவில்லை.

ஆராதனையையும் விட்டுவிடாதீர்கள். நீங்களும் கணவரும் ஞாயிறு விட்டு ஞாயிறு மாறிப் போகலாம். உங்களைப் போன்ற குடும்பங்கள் சபையில் இன்னும் இருப்பார்கள். எல்லோருமாகப் போதகரிடம் பேசி, சீசன் முடியும்வரை வார நாள் மாலையில் ஓர் ஆராதனை கேளுங்கள்.

கேள்வி: உண்மையான ஓய்வுநாள் சனியா, ஞாயிறா?
– வாசகர், கூடலூர்

பதில்: ஏழாம் நாள் சனிதான். ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதால் ஆதிச் சபையார் அன்று அப்பம் பிட்கக் கூடினார்கள். அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் அதைக் காணலாம். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் இன்றும் சனிக்கிழமையைக் கைக்கொள்கிறார்கள். ரோமர் 14ஆம் அதிகாரத்தில் பவுல் இருவருக்கும் இடம் தருகிறார். அண்டைவீட்டுக் கிறிஸ்தவர் வேறு நாளில் ஓய்ந்திருந்தால், அன்று அவரை வேலைக்கு அழைக்காமலாவது இருப்போம்.

கேள்வி: வாரம் முழுவதும் அலுவலக வேலை, வீட்டுக்கு வந்த பிறகும் வாட்ஸ்அப்பில் அழைப்பு வருகிறது. ஞாயிறன்று ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, மாலையில் வாலிபர் கூட்டம். ஊழியத்தில் களைப்பு வருவது அவிசுவாசமா?
– வாசகி, குன்னூர்

பதில்: இல்லை. ஆலயத்தில் ஆசாரியர் ஓய்வுநாளில் வேலை செய்தும் குற்றமற்றவர்கள் என்று ஆண்டவர் சொன்னபோது, அவர்கள் செய்ததும் வேலைதான் என்பதை ஏற்றுக்கொண்டார். ஊழியம் முடித்துவந்த சீஷர்களுக்குச் சாப்பிடவும் நேரமில்லாதிருந்ததைக் கண்டு, தனித்து வந்து சற்றே இளைப்பாறுங்கள் என்று அழைத்தவரும் அவரே. மக்கள் அங்கும் தேடிவந்தபோது அவர்கள்மேல் மனதுருகினார் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. அவசரத் தேவை வந்தால் நாமும் எழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் உங்களுடையது அவசரத் தேவை அல்ல, நிரந்தர ஏற்பாடு. மூன்று பொறுப்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வேறு ஆள் பார்க்கும்படி, சபை நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் குழுவிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணி முதல் அலுவலக அழைப்புகளுக்குப் பதில் இல்லை என்பதை உடன் வேலை செய்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேகரக் குழுவினர் இதை வாசித்தால், ஞாயிறு முழுவதும் உழைக்கும் உங்கள் போதகருக்கும் வாரத்தில் ஒரு நாளைச் சபை நாட்காட்டியில் குறித்து, அன்று மரணம், கடும் நோய் தவிர வேறு எதற்கும் அவரை அழைக்காமல் இருக்கட்டும்.