ஆப்பிரிக்க வளர்ச்சி ஆய்வு: முனைவர் பட்ட மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

மேற்குக் கென்யாவில், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு), ஊர் அடிபம்புகளின் பராமரிப்பைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவன் நான். அந்தப் பாதையில் இப்போது காலெடுத்து வைக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: “ஆப்பிரிக்காவில் வறுமை ஒழிப்பு” என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். மிகவும் பரந்தது என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படிச் சுருக்குவது?

உங்கள் நெறியாளர் செய்தது சரி. ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 உறுப்பு நாடுகள் இருக்கின்றன. செனகலின் நிலக்கடலை விவசாயியையும் போட்ஸ்வானாவின் வைரச் சுரங்கத் தொழிலாளியையும் ஒரே மூச்சில் பேசும் ஆய்வேடு, இருவரைப் பற்றியும் உருப்படியாக எதுவும் சொல்லிவிட முடியாது.

நானும் முதலில் “கிராமக் குடிநீர்க் கொள்கை” என்றுதான் எழுதினேன். களத்துக்குப் போன முதல் வாரத்தில் ஓர் அடிபம்பைப் பார்த்தேன். அதன் கைப்பிடியைச் சங்கிலியால் சுற்றிப் பூட்டியிருந்தார்கள். பக்கத்தில் இருபது லிட்டர் மஞ்சள் கேன்கள் வரிசையாக நின்றன; மூடி தொலைந்த கேன்களின் வாயில் மக்காச்சோளக் கட்டையைச் செருகியிருந்தார்கள். பம்பில் பழுது எதுவும் இல்லை, சாவி வைத்திருந்த அம்மா சந்தைக்குப் போயிருந்தார், அவ்வளவுதான். திட்ட அறிக்கையில் அந்தப் பம்பு “இயங்குகிறது” என்ற கணக்கில் இருந்தது. காலையில் இயங்கும், நண்பகலில் இயங்காது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது, மாதக் கட்டணம் கட்ட முடியாத வீட்டார் தண்ணீருக்கு எங்கே போகிறார்கள் என்ற கேள்விகளிலிருந்துதான் என் ஆய்வேடு உருவானது. உங்கள் தலைப்பும் இப்படி ஒரு பூட்டுக்கு முன்னால் போய் நிற்கும்வரை சுருங்கட்டும்.

கேள்வி: உலக வங்கியின் தரவுகளை மட்டும் வைத்து ஆய்வை முடிக்க முடியுமா?

முடியும்; ஆனால் ஒவ்வோர் எண்ணும் எப்படிப் பிறந்தது என்று விசாரிக்காமல் அதைத் தொடாதீர்கள். கானா 2010 நவம்பரில் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை ஆண்டை, அதாவது விலைகளையும் துறைகளின் பங்கையும் எந்த ஆண்டை வைத்துக் கணக்கிடுகிறார்களோ அதை, 1993இலிருந்து 2006க்கு மாற்றியபோது, பொருளாதாரத்தின் அளவு ஒரே நாளில் 60 சதவீதத்துக்கு மேல் பெரிதாகி, ஏழை நாடுகளின் பட்டியலில் இருந்த நாடு கீழ்நடுத்தர வருமான நாடானது. நைஜீரியா 2014இல் இதையே செய்தபோது உயர்வு 89 சதவீதம். 1990ஆம் ஆண்டின் அடிப்படைக் கணக்கில் உரிய இடம் பெறாத கைப்பேசித் துறையும் திரைப்படத் துறையும் அப்போதுதான் சரியாக எண்ணப்பட்டன. அந்த ஒரு நாளில் எந்த வீட்டு அடுப்பும் கூடுதலாக எரியவில்லை. இந்தத் தாவலைக் கவனிக்காமல் வளர்ச்சி விகிதம் கணக்கிட்டவர்களின் அட்டவணைகள் பொய் பேசும்.

குடும்ப நலத்துக்கு, 1984 முதல் அமெரிக்க அரசின் நிதியில் நடந்துவந்த “மக்கள்தொகை, சுகாதார ஆய்வுகள்” (DHS) என்ற வீட்டுக் கணக்கெடுப்புகள் பெரிய ஆதாரமாக இருந்தன. 2025இல் அந்த நிதி நிறுத்தப்பட்டதும் அந்த வேலை தடைப்பட்டது. ஒரு கண்டத்தின் குழந்தை இறப்புக் கணக்கு வேறொரு நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தை நம்பி இருந்தது என்பதே ஆராயத்தக்க பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: கென்யாவில் கள ஆய்வுக்கு என்னென்ன அனுமதி வேண்டும்?

அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துடனோ ஆய்வு நிறுவனத்துடனோ இணைப்பு, அந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பிறகு தேசிய அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க ஆணையத்தின் உரிமம். உரிமம் இல்லாமல் ஆய்வு செய்வது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே சுற்றுலா விசாவில் போய் நேர்காணல் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கவுண்டித் தலைநகரில் ஆணையர் அலுவலகத்திலும், ஊரில் அரசு நியமித்த சீஃப்பிடமும் உரிமத்தைக் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இந்த நடைக்குச் சில மாதங்களை ஒதுக்குங்கள்.

கேள்வி: தடுப்பூசி?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்பாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்துவார்கள். மலேரியா மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஆங்கிலம் போதாதா? சுவாஹிலி கற்க வேண்டுமா?

அதிகாரிகளிடம் ஆங்கிலம் போதும், ஊருக்குள் போதாது. “வளர்ச்சி” என்பதற்குச் சுவாஹிலியில் “மாயெண்டெலேயோ” என்பார்கள். முன்னே போவது, தொடர்வது என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்த சொல் அது. நான் பேசியவர்கள் அந்தச் சொல்லைக் கூரைக்குத் தகரம் போட்டதற்கும், மகள் பள்ளியிறுதி முடித்ததற்கும் சொன்னார்கள். அந்நிய நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்கும் அதே சொல்தான். மொழிபெயர்ப்பாளர் மூன்றையும் “டெவலப்மெண்ட்” என்று எனக்குத் தந்துகொண்டிருந்ததால், ஆறு வாரம் கழித்தே இது எனக்கு உறைத்தது. பெரியவர்கள் லுயா, டெசோ மொழிகளில் பேசும்போது ஆய்வு உதவியாளர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. அவருக்கு நியாயமான ஊதியம் கொடுங்கள். அவர் விரும்பினால் ஆய்வேட்டில் பெயரையும் போடுங்கள்.

கேள்வி: என் நூலடைவில் எல்லாரும் லண்டன், பாஸ்டன்காரர்களாகவே இருக்கிறார்கள். யாரைப் படிப்பது?

1973 முதல் செனகலின் டக்கார் நகரில் இயங்கும் ஆப்பிரிக்க சமூக அறிவியல் ஆய்வு மன்றமான கோடெஸ்ரியாவின் (CODESRIA) வெளியீடுகளிலிருந்து தொடங்குங்கள். எகிப்தின் சமீர் அமீன், நைஜீரியாவின் கிளாட் அகே, மலாவியின் தாண்டிக்கா முகாண்டவிரே ஆகியோரைப் படிக்காமல் கோட்பாட்டு இயலை எழுதாதீர்கள். 1980களின் கட்டமைப்புச் சீரமைப்பால், அதாவது அரசுச் செலவைக் குறைக்கச் சொல்லி உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் விதித்த கடன் நிபந்தனைகளால், அரசுகளின் திறனைக் குறைத்துவிட்டு, பிறகு ஆப்பிரிக்க அரசுகளுக்குத் திறனில்லை என்று முடிவு கட்டுவதை முகாண்டவிரே எதிர்த்து எழுதியதைப் படித்த பிறகு, நான் என் இரண்டாம் இயலை முழுவதும் மாற்றி எழுதினேன். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் மக்கரேரே பல்கலைக்கழகத்தின் சமூக ஆய்வு நிறுவனத்தில் அந்நாட்டு அறிஞர் மஹ்மூத் மம்தானி 2012இல் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியதற்குக் காரணமும் இதுதான்: வெளியார் கேட்கும் கேள்விகளுக்குக் கூலிக்குப் பதில் தேடும் ஆலோசனை வேலை பல்கலைக்கழகத்தை விழுங்குகிறது, ஆய்வாளர் தம் கேள்வியைத் தாமே எழுப்பக் கற்க வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

கேள்வி: பதில் சொல்பவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா? நாம் அவர்களுக்கு என்ன தருகிறோம் என்ற உறுத்தல் இருக்கிறது.

இந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். புசியா, உலகில் மிக அதிகமாகக் கேள்வி கேட்கப்பட்ட ஊர்ப்புறங்களில் ஒன்று. பொருளியலாளர்கள் மைக்கேல் கிரெமரும் எட்வர்டு மிகேலும் 75 பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரையின் பலனைச் சோதித்தது அங்கேதான். கிரெமர் 2019இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வட்டாரத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “முன்பு வந்தவர்கள் என் கோழிகளை எண்ணினார்கள். அதற்கு முன் வந்தவர்களும் எண்ணினார்கள். கோழி எத்தனை என்று எனக்குத் தெரியும். எண்ணி என்ன செய்தீர்கள்?”

பதிலுக்கு விலை வைக்காதீர்கள். அரை நாள் வேலையை விட்டு வருபவருக்குப் போக்குவரத்துச் செலவும், வீட்டுக்குப் போகும்போது சர்க்கரையும் தேயிலையும் கொடுப்பது மரியாதை. பாட்டியின் கேள்விக்கு அது பதிலாகாது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் முடிவுகளை இரண்டு பக்கத்தில் சுவாஹிலியில் எழுதினேன்; சீஃப் கூட்டும் ஊர்க்கூட்டத்தில் அதை என் உதவியாளர் வாசித்தார். பம்புக் குழுவின் பொருளாளர் எழுந்து, கட்டணம் கட்டாத வீடுகள் என்று நான் எழுதிய கணக்கில் கணவனை இழந்த பெண்களின் வீடுகளும் சேர்ந்துவிட்டன, அவர்களுக்கு ஊரே விலக்கு அளித்திருக்கிறது என்றார். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னது சரிதான். ஐந்தாம் இயலின் அட்டவணையைத் திருத்தினேன்.