ஸ்டெம் செல் ஊசிக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் தக்காளி விவசாயம் செய்கிறேன். 5 வயது மகனுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி). பெங்களூரில் ஒரு கிளினிக்கில், மூன்று தவணையாக ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்கிறார்கள். மொத்தம் 6 லட்சம். நகையை அடகு வைப்பதா, அரை ஏக்கரை விற்பதா?

பதில்: இரண்டுமே வேண்டாம். பிள்ளை நடக்க வேண்டும் என்று நீங்கள் படுகிற தவிப்பு புரிகிறது. அதனால்தான் இதைப் பட்டென்று சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்பது உடம்பின் வேறு செல்களாக மாறக்கூடிய மூல செல். நம் நாட்டில் அதன் பெயரில் நடப்பதெல்லாம் ஒன்றல்ல. ரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற ரத்த நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்களே, அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதலே செய்கிறார்கள். அது நிரூபணமானது. உங்கள் உறவினர் யாருக்காவது அது தேவைப்பட்டு, கடன் வாங்கலாமா என்று கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மூளை முடக்குவாதத்துக்கு அப்படி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைப்படி, ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்றவை ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றன. அனுமதி பெற்ற ஆராய்ச்சிப் பரிசோதனையில் (கிளினிக்கல் டிரையல்) மட்டுமே கொடுக்கலாம். அந்தப் பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. அவர்கள் 6 லட்சம் கேட்பதே உங்களுக்குப் போதுமான பதில். 'அரசு அனுமதி இருக்கிறது' என்று சொன்னால், பரிசோதனையின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இருந்தால் கட்டணம் எதற்கு என்றும் கேளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 6 லட்சம் நகைக்கடனுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்தாலே மாதம் 6,000 ரூபாய். தக்காளி இந்த வாரம் விற்ற விலைக்கு அடுத்த வாரம் போகாது. வட்டி மட்டும் தவறாமல் வரும். அந்த 6,000-ஐ பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். 5 வயதில் அதை விடாமல் செய்வதுதான் அவன் உடம்புக்கு உதவும். கடனில் மாட்டினால் முதலில் நின்றுபோவது அந்த பிசியோதெரபிதான்.

அப்புறம், மத்திய அரசின் 'நிராமயா' காப்பீட்டில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபி செலவும் அதில் அடங்கும். மகனுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால், இந்த வாரமே தர்மபுரி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். மாதாந்திர பராமரிப்பு உதவித்தொகைக்கும் அங்கேயே விசாரித்து விண்ணப்பம் கொடுத்துவிட்டு வாருங்கள்.