பதினொரு பதிவு, ஒரு பேச்சு இல்லை

கேள்வி: நான் எங்கள் திருச்சபையில் மூப்பர், சபையை மேய்க்கும் பொறுப்பில் இருப்பவன். என் தம்பி வாரந்தோறும் ஒரு வேதபாடக் குழு நடத்துகிறான். ‘நோய் தீரவில்லை என்றால் உனக்கு விசுவாசம் இல்லை’ என்று போதிக்கிறான். அதைக் கேட்டு ஒரு அக்கா ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். நானும் மூன்று மாதமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து போனில் பதிவு செய்கிறேன். 11 பதிவுகள் சேர்ந்திருக்கின்றன. வேதப்புரட்டனை, அதாவது உபதேசத்தைத் திரிக்கிறவனை, விட்டு விலகு என்கிறது தீத்து 3:10. ஆராதனையில் அறிவித்து, அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்திலிருந்து அவனை நிறுத்திவிடலாமா? குடும்பம் உடைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தம்பி போதிப்பது தவறு. அப்போஸ்தலர் பவுல் தன்னோடு வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவிட்டுத்தான் போனார். அடிக்கடி நோய்ப்பட்ட தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் கூடவே லூக்கா என்ற வைத்தியரும் இருந்தார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லையா? இது மூப்பரான உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் அந்த 11 பதிவுகளை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. அவற்றில் ஒன்றிலாவது உங்கள் குரல் இருக்கிறதா? ‘தம்பி, இது சரியில்லை’ என்று ஒரு வார்த்தை? ஒரு பெண் மாத்திரையை நிறுத்தியதைக் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, பதிவு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். இதை மேய்ப்பு என்று என்னால் சொல்ல முடியாது. போலீஸ்காரர் செய்கிற வேலை இது.

தீத்து 3:10-ஐ மறுபடி திறந்து பாருங்கள். ‘இரண்டொருதரம் புத்திசொன்னபின்பு’ என்று அதில் இருக்கிறது. கடிதத்தில் அந்தப் பகுதியை மட்டும் எப்படியோ விட்டுவிட்டீர்கள். எனக்கு வருகிற இப்படிப்பட்ட கடிதங்கள் எல்லாமே கடைசிப் படியைத்தான் கேட்கின்றன. ‘நீயும் அவனும் தனித்திருக்கையில்’ என்று மத்தேயு 18 சொல்கிற முதல் படியில் கால் வைத்தவரைக் காண்பது அபூர்வம்.

பகிரங்கமாகப் போதித்தவனைப் பகிரங்கமாகத்தானே கண்டிக்க வேண்டும், பவுல் பேதுருவை எல்லார் முன்பும் கண்டித்தாரே என்பீர்கள். சரி, கண்டித்தார். முகமுகமாய் எதிர்த்தேன் என்றுதான் எழுதுகிறார். பின்வரிசையிலிருந்து எதிர்த்தேன் என்றில்லை.

குடும்பம் உடையுமோ என்கிறீர்கள். உடைந்து மூன்று மாதமாகிறது, தம்பிக்குத்தான் இன்னும் தெரியாது. என்னைக் கேட்டால், தம்பி தடம் மாறும்போது தடுக்கிற கடமை முதலில் அண்ணனுக்குத்தான். மூப்பர் பதவி அதற்கு அப்புறம் வந்தது.

இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அந்த அக்கா வீட்டுக்குப் போங்கள். இன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்; கூட்டிக்கொண்டு போக ஆளில்லை என்றால் நீங்களே கூட்டிப்போங்கள். தம்பியின் உபதேசத்தைத் திருத்துவது வாரக்கணக்கில் இழுக்கலாம், இது இழுக்கக் கூடாது.

அப்புறம் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். வசனத்தை வைத்துப் பேசுங்கள். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு போதித்துவந்த அப்பொல்லோவைத் தங்களோடு அழைத்துக்கொண்டுபோய் விளக்கியபோது அவர் கேட்டுக்கொண்டார். உங்கள் தம்பியும் கேட்கலாம். கேட்காவிட்டால் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அதில் ஒருவராவது அவருக்குப் பிடித்தவராக இருக்கட்டும். இதெல்லாம் நடந்து முடியும்வரை தம்பி குழுவில் போதிப்பதைச் சபைப் போதகர் நிறுத்திவைக்கலாம், நிறுத்தத்தான் வேண்டும். போதிக்காதே என்பது ஒன்று, திருவிருந்துக்கு வராதே என்பது வேறு; இரண்டையும் ஒரே அறிவிப்பில் போட்டு முடிக்கப் பார்க்காதீர்கள். விலக்குகிற நிலை வந்தால்கூட, சத்துருவாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லச் சொல்கிறது 2 தெசலோனிக்கேயர் 3:15. உங்களுக்கு அவர் சொந்த சகோதரனே. விஷயம் மூப்பர் குழுவில் தீர்மானத்துக்கு வந்தால் நீங்கள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அந்தப் பதிவுகளை அழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அவை இருப்பதை முதல் சந்திப்பிலேயே தம்பியிடம் சொல்லி, அவருக்குத் தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அன்றைக்குப் போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.